தோற்கவே இல்லை என்பது கோப்பைக்கு மேலே ஒரு பெருமையா?

26 மே 2024, ஞாயிறு காலை

தைப்பிங் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோப்பை கைக்கு வந்தாச்சுன்னா எத்தனை ஆட்டம் தோத்தோம்னு யாரு கணக்குப் பார்க்கிறா? ஒரு பருவம் முழுக்கத் தோக்கலைங்கிறது பேப்பர்க்காரனுக்குச் செய்தி. ரசிகனுக்கு அதுல என்ன இருக்கு?"

கேட்ட நேரம் பொருத்தமான நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, லெவர்குசன் கால்பந்து அணி ஜெர்மன் கோப்பையை எடுத்ததைப் பார்த்துவிட்டு இன்னும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். 1-0. அடித்தது ஷாக்கா, நான் ரசிக்கிற இங்கிலாந்து அணி ஆர்சனலின் பழைய ஆள். மூன்று நாளைக்கு முன்னால், விசாக விடுமுறை முடிந்த விடியற்காலை மூன்று மணிக்கு, இதே அணி யூரோப்பா லீக் இறுதியில் அத்தலாந்தாவிடம் 3-0 வாங்கியதையும் பார்த்தேன். மூன்று கோலும் லுக்மன் ஒருவரே. 51 ஆட்டம் தோற்காமல் வந்தவர்கள் 52-ஆவதில் விழுந்தார்கள். எல்லா அணியோடும் ஆடிப் புள்ளி சேர்க்கிற லீக்கில் மட்டும் 34 ஆட்டம், 28 வெற்றி, 6 சமநிலை, தோல்வி பூஜ்யம்.

நான் அந்த ஊர்க்காரனில்லை, அவர்கள் ரசிகனுமில்லை. சுங்கை சிப்புட்டில் மோட்டார் சாமான் விற்கிறவன். ஆனாலும் அந்த மூன்றாவது கோல் விழுந்தபோது வயிறு என்னவோ செய்தது. கோப்பை போனதற்காக இல்லை. அந்தப் பூஜ்யம் போனதற்காக. அதனால் தம்பி, ரசிகனுக்கு அதில் ஏதோ இருக்கிறது. என்ன என்றுதான் பிடிபடவில்லை.

26 மே, மத்தியானம்

தூங்கி எழுந்து படித்தால் மேலே எழுதியதில் ஓட்டை தெரிகிறது. பூஜ்யம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறேன். லீக் பூஜ்யம் எங்கே போனது? அது அப்படியேதான் இருக்கிறது. 2003-04 ஆர்சனலும் அதே கதைதானே. லீக்கில் தோற்கவில்லை. எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றது, சாம்பியன்ஸ் லீக்கில் செல்சியிடம் தோற்றது, லீக் கோப்பையில் மிடில்ஸ்பரோவிடமும் தோற்றது. ஆனால் "தோற்காத ஆர்சனல்" என்றுதான் உலகம் சொல்கிறது. நானும் அப்படித்தான் சொல்கிறேன், கூச்சமே இல்லாமல்.

27 மே

சரி, ஆர்சனல் பேச்சு வந்துவிட்டது. இனி நிறுத்த முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2002-இல் ஆர்சனல் லீக்கும் எஃப்ஏ கோப்பையும் சேர்த்து எடுத்தது. லீக்கை உறுதி செய்தது மான்செஸ்டர் திடலிலேயே, வில்டோர்ட் கோலில். அந்தப் பருவம் வெளித்திடலில் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 2004-இல் லீக் மட்டும்தான். கோப்பைக் கணக்குப்படி 2002 பெரியது. ஆனால் எங்கள் ஊர் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேளுங்கள், 2004 என்றுதான் சொல்வான். 2002-ஐச் சொல்ல அவனுக்கு இரண்டு மடக்கு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) தேவைப்படும்.

ஏன் என்று யோசித்தேன். 2004 ஏப்ரல் 25, டாட்டன்ஹம் திடலில் 2-2. பட்டம் அன்றே முடிந்தது. பாக்கி நாலு ஆட்டம். கோப்பைதான் எல்லாம் என்றால் அந்த நாலு ஆட்டத்துக்கு நான் தூங்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பர்மிங்ஹம் 0-0. போர்ட்ஸ்மத் 1-1, ரேயஸ் சமன் செய்தார். ஃபுல்ஹம் 1-0, அதுவும் ரேயஸ்தான், வான் டெர் சார் காலில் பந்தை வைத்துக்கொண்டு ஏமாந்த கோல்.

கடைசியில் லெஸ்டர். மே 15, நம் நேரத்துக்கு ராத்திரி பத்து மணி. லெஸ்டர் அதற்கு முன்பே லீக்கைவிட்டு இறங்கிவிட்ட அணி. முதல் பாதியில் டிக்கோவ் அடித்துவிட்டார், அவரும் பழைய ஆர்சனல் ஆள். 0-1. கடையில் டிவி மேலே உத்தரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும், அதன் திரையில் பல்லி ஒன்று பந்துக்குப் பின்னாலேயே ஓடியது. என் முன்னால் இருந்த தே தாரிக்கில் ஏடு கட்டி, அந்த ஏட்டில் கொசு விழுந்தது. எடுத்துப்போடத் தோன்றவில்லை. பட்டம் வாங்கியாகி மூன்று வாரம் ஆன அணிக்காக உட்கார்ந்து வியர்க்கிறேன். பிறகு ஹென்றி பினால்டி, வியெரா ஒன்று, 2-1. 26 வெற்றி, 12 சமநிலை.

தம்பிக்கு என் முதல் பதில் இதுதான். கோப்பை முடிந்த பிறகும் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தது அந்தப் பூஜ்யம்.

28 மே

ஈப்போ அண்ணன் ஒருவர் கணக்குப் போட்டு என் வாயை அடைத்துவிட்டார். அண்ணே, நீங்கள் சொன்னது சரி. மூன்று புள்ளி முறையில் சமநிலை என்பது அரைத் தோல்வியைவிட மோசம். இரண்டு ஆட்டம் டிரா செய்தால் 2 புள்ளி. ஒன்றை ஜெயித்து ஒன்றைத் தோற்றால் 3. அந்த 12 டிராவில் ஆர்சனல் 24 புள்ளியைத் தரையில் கொட்டியது. மொத்தம் 90. அடுத்த பருவம் செல்சி ஒரு ஆட்டம் தோற்று 95 எடுத்தது. மான்செஸ்டர் சிட்டி 2017-18-இல் இரண்டு தோற்று 100.

இன்னும் வயிற்றெரிச்சல் ஒன்று சொல்கிறேன். போன வாரம் முடிந்த பருவத்தில் ஆர்சனல் 28 ஆட்டம் ஜெயித்தது. 2004-ஐவிட இரண்டு ஆட்டம் கூடுதல்! 5 சமநிலை, 5 தோல்வி, 89 புள்ளி. கிடைத்தது இரண்டாம் இடம்.

28 மே, ராத்திரி

அண்ணே, "தோக்கக்கூடாதுன்னு ஆடுறவன் ஜெயிக்க மாட்டான்" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு சாட்சியே உண்டு. இத்தாலியில் பெருஜா, 1978-79. முப்பது ஆட்டம், ஒரு தோல்வி இல்லை. ஜெயித்தது 11, டிரா 19. மூன்று ஆட்டம் தோற்ற மிலான் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனது. அதற்கு முந்தைய பருவம் போர்ச்சுகலில் பென்ஃபிக்காவும் அப்படித்தான். தோற்கவே இல்லை, போர்ட்டோவோடு புள்ளி சமம், கோல் வித்தியாசத்தில் இரண்டாம் இடம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த வருஷ இத்தாலிப் பட்டியலில் எனக்கு ஞாபகம் இருப்பது எது? மிலானா, பெருஜாவா?

30 மே

மான்செஸ்டர்காரர்கள் இரண்டு பேர் வந்து "49-ல முடிச்சு வெச்சோமா இல்லையா" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். லீக்கில் 49 ஆட்டம் தோற்காமல் வந்த ஆர்சனலை 50-ஆவதில் தங்கள் திடலில் வீழ்த்தியதைச் சொல்கிறார்கள். வேறு ஒன்றும் எழுதவில்லை. நல்லது. உங்கள் வாயாலேயே பதில் வந்துவிட்டது.

2004 அக்டோபர் 24, ஞாயிறு ராத்திரி பதினொரு மணி. நோன்பு மாதம். தராவிஹ் தொழுகை முடிந்து வந்த கூட்டமும் நாங்களும் சேர்ந்து கடையில் நிற்க இடமில்லை. என் கூட்டாளி ஒருவன் சின்ன வயதிலிருந்தே மான்செஸ்டர். இருவரும் ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடு), அடுத்தடுத்த வீடு, பத்து வயதிலிருந்து சண்டை. 73-ஆவது நிமிடம் ரூனி விழுந்தார், பினால்டி. கேம்பல் தொட்டாரா இல்லையா என்பதை நான் சாகும்வரை பேசுவேன், இங்கே வேண்டாம். அடித்தது வான் நிஸ்டல்ரோய். ஒரு வருஷத்துக்கு முன் அதே திடலில், கடைசி நேரத்தில், பினால்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்துவிட்டு நின்ற அதே ஆள். அன்றைக்கு அது உள்ளே போயிருந்தால் தோற்காத பருவம் என்று ஒன்றே கிடையாது. இந்தத் தடவை உள்ளே போட்டார். கடைசியில் ரூனியும் ஒன்று, பிறந்த நாள் பரிசு மாதிரி. 2-0.

என் கூட்டாளி மேசைமேல் ஏறினான். பிளாஸ்டிக் மேசை. ஒரு கால் மடங்கி, மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) தட்டோடு கீழே வந்தான். கீழே கிடந்தபடியே கத்தினான். இங்கிலாந்தில் அன்றைக்கு யாரோ பீட்சாவைத் தூக்கி ஃபெர்குசன்மேல் அடித்தார்களாம். எங்கள் கடையில் மீ கோரெங் தானாகவே பறந்தது.

இப்போது கவனியுங்கள். அந்தப் பருவம் மான்செஸ்டருக்கு ஒரு கோப்பையும் இல்லை. லீக்கை எடுத்தது செல்சி. எஃப்ஏ கோப்பை இறுதியில் பினால்டியில் மான்செஸ்டரை வென்றது யார்? ஆர்சனல்! போன தீபாவளிக்கு அவனிடம் கேட்டேன், 2005 எஃப்ஏ கோப்பை யாருக்குடா என்று. முழித்தான். அக்டோபர் 24 என்றேன். நிமிடத்தோடு ஒப்பித்தான்.

தோல்வி இல்லை என்பது ஒன்றுமில்லாத விஷயம் என்றால் அதை உடைத்தவன் ஏன் இருபது வருஷமாக நெஞ்சை நிமிர்த்துகிறான்?

1 ஜூன்

ஜொகூர் மாநில அணி ஜேடிதி பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று ஜொகூர்க்காரர் கேட்கிறார். திறக்கிறேன். 2014 முதல் மலேசிய லீக் பட்டத்தை அவர்கள் யாருக்கும் விடவில்லை. 2023-இல் லீக்கில் தோல்வியே இல்லை. சாதனைதான், தொப்பி கழற்றுகிறேன். ஆனால் எங்கள் கடையில் அதற்காக ஒருவனும் நகம் கடிக்கவில்லை. விழக்கூடும் என்கிற பயம் இருந்தால்தானே விழாமல் நடப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடும்? லெவர்குசன் இந்த வருஷம் எத்தனை தடவை கயிற்றின் நுனியில் தொங்கினார்கள்! டார்ட்மண்டோடு 97-ஆவது நிமிடம், அடுத்த வாரமே ஸ்டுட்கார்ட்டோடு 96-ஆவது நிமிடம், ரோமாவோடு மறுபடி 97. அதுதான் சுவை.

நான் எங்கள் மாநில அணி பேராக்கின் ரசிகன், பொறாமை இருக்கலாம். 2002, 2003 இரண்டு வருஷமும் நாங்கள் லீக் சாம்பியன். எத்தனை ஆட்டம் தோற்றோம் என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது. தைப்பிங் தம்பி, இந்த வரியை எடுத்து என்னை அடிக்கலாம். நானே கொடுத்துவிட்டேன்.

2 ஜூன், ஞாயிறு

நேற்று ராத்திரி படுத்தபிறகு தோன்றியது. பெருஜாவை ஏன் எனக்கு இவ்வளவு பிடிக்கிறது? ஏனென்றால் நானே ஒரு பெருஜாவில் வளர்ந்தவன்.

1986. எனக்குப் பதினோரு வயது. சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். சுற்றுவட்டாரத் தோட்டங்கள் ஏழு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை லீக் நடத்தின. ஒவ்வொரு அணியோடும் இரண்டு முறை, ஆக மொத்தம் 12 ஆட்டம். ஜெயித்தால் 2 புள்ளி, டிரா 1. எங்கள் கோல்கீப்பர் என் தாய்மாமா. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் இடம்) போய், பால் வெட்டி, பால் தூக்கி நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குத் திடலில் நிற்பார். விரல் இடுக்கெல்லாம் காய்ந்த ரப்பர் பால் கறுப்பாக ஒட்டியிருக்கும். கையுறை வாங்கக் காசில்லாத காலம், "இந்தப் பிசினே போதும்டா, பந்து ஒட்டிக்கும்" என்பார். வெறுங்கால். கம்பம் இரண்டும் தோட்டத்து மரம், குறுக்குக் கம்பம் நடுவில் தொய்ந்திருக்கும். நடுவில் அடித்தால் பட்டுத் திரும்பும், ஓரத்தில் அடித்தால் கோல். அதை மாமா அளந்து வைத்திருந்தார்.

5 வெற்றி, 7 டிரா. தோல்வி இல்லை, 17 புள்ளி. ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டம் 8 ஜெயித்து, 2 டிரா, 2 தோற்று, 18 புள்ளியோடு கோப்பையைத் தூக்கியது. கோப்பையை ஆட்டுக்கறிச் சாப்பாட்டோடு ஊர்வலம் விட்டார்கள். எங்கள் லயத்தில் யாரும் அழவில்லை. "நம்மள எவன் தோக்கடிச்சான்?" இந்த ஒரு வாக்கியத்தை நான் இளந்தாரி ஆகும்வரை கேட்டேன். கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், தீமிதித் திருவிழாவில்.

3 ஜூன்

கையுறை விஷயத்தை நம்பாதவர்களுக்கு: பால் வெட்டியவர் வீட்டில் யாராவது இருந்தால் கேளுங்கள். சட்டையில் பட்டால் சட்டை செத்தது.

5 ஜூன்

அமெரிக்காக் கால்பந்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் ஒருவர். காலால் தொடுவதைவிடக் கையால் பிடிப்பது அதிகம், அதற்குப் பெயர் கால்பந்து. இருக்கட்டும். கேட்டவரை இதுதான்: 1972 பருவத்தில் மயாமி டால்ஃபின்ஸ் இறுதியும் சேர்த்து 17 ஆட்டமும் ஜெயித்தது. 2007 பருவத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 18 ஜெயித்து, இறுதியில் 17-14 என்று நியூயார்க் ஜயண்ட்ஸிடம் விழுந்தது. அங்கே டிரா என்பதே அபூர்வம், ஆட்டமும் கொஞ்சம். 38 ஆட்டத்தோடு ஒப்பிட எனக்கு மனசு வரவில்லை. இங்கிலாந்து லீக்கில் பிரெஸ்டன் 1888-89-இல் தோற்காமல் முடித்ததும் 22 ஆட்டம்தான்.

9 ஜூன், ஞாயிறு

ஒரு திருத்தம். பெரிய திருத்தம்.

இன்று மாமாவைப் பார்க்கப் போனேன். தோட்டம் செம்பனையாகி, லயம் இடிந்து, இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் மகளோடு இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். நான் இங்கே எழுதியதை வாசித்துக் காட்டினேன். வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு, "ஏழு டிராவா? எந்த ஏழு? சொல்லு" என்றார். விரல்விட்டு எண்ணினோம். ஆறுக்கு மேல் வரவில்லை.

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். அப்போது கிராணி (தோட்டத்துக் கணக்கர்) கணக்கு எழுதி வைத்தது, கிராணி இறந்தபிறகு மாமாவிடம் வந்து சேர்ந்ததாம். நீல மை. தேதி, எந்தத் தோட்டம், எத்தனைக்கு எத்தனை. பத்தாவது ஆட்டத்தின் எதிரே மை இல்லை. பென்சிலில் சின்னதாக ஒரு சொல்: "போகவில்லை".

மாமா சொன்னது இது. அந்த ஞாயிறு வெளித்தோட்டத்தில் ஆட்டம். பட்டியலில் கடைசியில் இருந்த அணி, எங்கள் பையன்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஜெயிப்பார்கள். ஒரு மணிக்கே எல்லோரும் ஜெர்சி போட்டுக்கொண்டு பெரட்டுக் களத்தில் லோரிக்காக உட்கார்ந்திருந்தார்கள். லோரி வரவில்லை. மானேஜர் வீட்டுச் சாமான் ஏற்ற ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள், யாரும் சொல்லவுமில்லை. மூன்று மணிக்கு ஐந்து பேர் சைக்கிளில் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது ரெஃப்ரி விசில் ஊதி, எதிரணிக்கு வாக்கோவர் (ஆடாமலே வெற்றி) கொடுத்து, ஆள் வீட்டுக்கே போய்விட்டார்.

ஆக எங்கள் கணக்கு 5 வெற்றி, 6 டிரா, ஒரு வாக்கோவர். 17 இல்லை, 16 புள்ளி. லோரி வந்திருந்தால் 18. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தோடு சமம்.

"அப்ப நாம தோத்தோமா மாமா?"

"நாம எங்கடா தோத்தோம்? லோரிதான் தோத்துச்சு."

10 ஜூன்

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

முப்பத்தெட்டு வருஷமாக எங்கள் ஆட்கள் சொன்ன அந்தப் பெருமை, லோரிக் கதையை மூடி வைக்கிற துணியாகத்தான் இருந்திருக்கிறது. "நம்மள எவன் தோக்கடிச்சான்" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, ஏனென்றால் தோற்கடித்தவன் திடலுக்கே வரவில்லை. லோரி வரவில்லை என்று மானேஜரிடம் போய்க் கேட்க அந்தக் காலத்தில் எவனுக்கு வாய் இருந்தது? கேட்க முடியாததை இப்படி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். எனக்குப் பதினோரு வயது, நான் நம்பினேன். ஏழாவது டிராவை யார் சேர்த்தது என்று தெரியவில்லை. நானாகவே சேர்த்திருப்பேனோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

இதைச் சொன்னபிறகு மே 28 ராத்திரிக் குறிப்பு எனக்கே கசக்கிறது. பெருஜாவை ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று எகத்தாளமாக எழுதினேன். பெருஜாவில் இருக்கிற ஒருவனைக் கேட்டால், "போய்யா, அந்தப் பத்தொன்பதுல ரெண்டு டிராவ எடுத்துக்கிட்டுக் கோப்பையக் குடு" என்பானோ என்னவோ.

16 ஜூன்

எதிர்க்கட்சிக்கும் ஒரு வக்கீல் வேண்டுமே, நானே வாதாடிவிடுகிறேன். 2010 சுசுகி கோப்பை, தென்கிழக்காசிய நாடுகளின் போட்டி. நம் மலேசியா, பயிற்றுநர் ராஜகோபால். டிசம்பர் 1, ஜகார்த்தாவில் முதல் ஆட்டமே இந்தோனேசியாவிடம் 5-1. அன்றைக்கு டிவியை அணைத்தவர்களில் நானும் ஒருவன். அதே மாதம் 26, புக்கிட் ஜாலிலில் இரண்டு ஆட்ட இறுதியின் முதல் ஆட்டம், அதே இந்தோனேசியாவை 3-0. சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. இரண்டாவது ஆட்டத்தில் ஜகார்த்தாவில் மறுபடி 2-1 தோற்றோம், ஆனாலும் மொத்தக் கோல் கணக்கில் கோப்பை நமக்கு. 31-ஆம் தேதி நாடு முழுக்கப் பொது விடுமுறை. நான் கடையை மூடிவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினேன்.

ஒரே அணியிடம் ஒரே மாதத்தில் இரண்டு முறை தோற்ற சாம்பியன். அந்தக் கோப்பையை எந்தப் பூஜ்யத்துக்கும் மாற்ற மாட்டேன். சொல்லப்போனால் அந்த 5-1 இல்லாமல் இருந்திருந்தால் 3-0 இவ்வளவு இனித்திருக்காது.

16 ஜூன், ராத்திரி

தைப்பிங் தம்பி "அப்ப ஒத்துக்கிறீங்களா அண்ணே" என்கிறார். பாதி. கோப்பை வாங்கியவன் தோல்வியை மறப்பான், அல்லது கதையில் ருசிக்காகச் சேர்த்துக்கொள்வான். கோப்பை வாங்காதவனுக்குத்தான் அந்தப் பூஜ்யம் சோறு. ஆர்சனலுக்கு அன்றைக்கு இரண்டும் கிடைத்தது, அதனால்தான் எனக்குக் குழப்பம். ஆனால் 2004-க்குப் பிறகு லீக் பட்டமே வரவில்லையே, இந்த இருபது வருஷமும் நானும் லயத்து ஆள் மாதிரியே "எங்கள எவன்" என்று பேசித்தான் பொழுதை ஓட்டியிருக்கிறேன். இதை என் மான்செஸ்டர் கூட்டாளி படிக்காமல் இருக்கக் கடவது.

19 ஜூன்

படித்துவிட்டான்.

23 ஜூன், ஞாயிறு

மறுபடி மாமா வீடு. இந்தத் தடவை கூட்டாளியும் வந்தான், அவன் அப்பாவும் அந்த அணியில் ஆடியவர், இடப்பக்க பேக். மாமாவிடம் பேனாவைக் கொடுத்து, பத்தாவது ஆட்டத்துக்கு எதிரே தோல்வி என்று எழுதுங்கள், இல்லை வாக்கோவர் என்றாவது எழுதுங்கள், கணக்கு நேராகட்டும் என்றான். மாமா பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

சைக்கிளில் போன ஐந்து பேரில் நானும் ஒருத்தன் என்றார் பிறகு. இவ்வளவு நாள் சொன்னதில்லை. திடலில் யாரும் இல்லையாம். எதிரணிப் பையன் ஒருவன் மட்டும் பந்தோடு நின்றிருந்தானாம். அவனைப் பினால்டி அடிக்கச் சொல்லி இவர் கம்பத்துக்கு நடுவில் நின்றாராம், இருட்டும்வரை. எத்தனை உள்ளே போனது என்று கூட்டாளி கேட்டான். "ஒண்ணுகூட இல்ல" என்றார் மாமா. நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்திருக்கிறேன், இங்கே போடலாம் என்று. நீல மை பளிச்சென்று விழுந்திருக்கிறது. பென்சில் எழுத்து படத்தில் தெரியவில்லை.